எங்கள் ஊரில் நவம்பர் என்றொரு மாதம் இல்லை

2024 டிசம்பரில், திருவண்ணாமலைத் தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, பில் மெஷின் விற்ற கம்பெனியின் தம்பி கடைக்கு வந்தான். ஓடிக்கொண்டிருந்த என்னைக் கல்லாவில் உட்காரவைத்து, "அக்கா, ஒரு கெட்ட சேதி" என்று டேப்பைத் திருப்பிக் காட்டினான். திரையில் இரண்டு கம்பங்கள். உயரமான பச்சைக் கம்பம் 2023 நவம்பர். அதன் இடுப்பளவே இருந்த சிவப்புக் கம்பம் 2024 நவம்பர். பக்கத்தில் தரையைப் பார்த்தபடி ஓர் அம்பு. "சேல்ஸ் விழுந்துடுச்சுக்கா. ஆஃபர் போட்டுத் தூக்கணும். அதுக்கும் நம்மகிட்டயே ஒரு பேக்கேஜ் இருக்கு."

"போன வருசம் தீபம் எந்தத் தேதி தம்பி?"

ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளை. பாவம், தெரியவில்லை.

2023-ல் தீபம் நவம்பர் 26, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் கூட்டமும் அந்த நவம்பருக்குள்ளேயே அடக்கம். 2024-ல் தீபம் டிசம்பர் 13-க்குப் போய்விட்டது. நவம்பர் 15-ல் ஐப்பசிப் பௌர்ணமி வந்தது, சுமாராக வியாபாரமும் நடந்தது. ஆனால் பௌர்ணமி வேறு, தீபம் வேறு. மெஷின் இந்த இரண்டு நவம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்து, எனக்கு நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மருந்தும் அதுவே விற்கிறது.

திருவண்ணாமலையில் கடை வைத்திருப்பவருக்கு ஆங்கில மாதம் வாடகை கொடுக்கவும் ஜிஎஸ்டி கட்டவும்தான் உதவும். கூட்டம் வருவது திதியைப் பார்த்து. 2018 பிப்ரவரியில் பௌர்ணமியே கிடையாது. ஜனவரி 31-ல் ஒன்று, மார்ச் முதல் தேதியில் அடுத்தது. 2023 ஆகஸ்டில் இரண்டு. சித்ரா பௌர்ணமி 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. இதெல்லாம் எங்கள் தெருவில் பூ விற்கும் ஆயாவுக்குத் தெரியும். லட்ச ரூபாய் மென்பொருளுக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் கடை கிரிவலப் பாதையில், எமலிங்கம் தாண்டி இருக்கிறது. மாமனார் ஆரம்பித்த டிபன் கடை. 24 பேர் உட்காரலாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவள். ஆகவே நோட்டு என்றால் எனக்குப் பயமில்லை, மெஷின் என்றாலும் பகையில்லை. மெஷின் வைத்து ஏழு வருடமாகிறது. அது இல்லாமல் இப்போது முடியாது. ஆனால் சிறு வியாபாரிகளைக் கூட்டிவைத்து 'டேட்டா ஸ்ட்ராடஜி' என்ற பெயரில் இன்றைக்கு நடக்கிற போதனையைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

அப்படி ஒரு நாள் பயிற்சிக்கு நானும் போனேன். ஏசி ஹால், சாப்பாட்டுக்கு வெஜ் பிரியாணி. பேச வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, டேட்டாதான் இந்தக் காலத்து எண்ணெய், எவ்வளவு முடியுமோ சேர்த்து வையுங்கள் என்றார். எண்ணெய் எனக்குத் தெரியும். அளவுக்கு மீறி வாங்கி வைத்தால் காறல் வாடை அடிக்கும், அந்த வாடை போட்ட வடையில் எல்லாம் ஏறும். சேர்த்து வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். பிறகு அனாலிடிக்ஸ் செய்யலாம் என்றார். எதற்காக என்பதற்கு மதியம் வரை பதில் வரவில்லை.

என் கடையில் அந்த 'எதற்காக'வுக்கு ஒரு நேரம் உண்டு. பகல் இரண்டு மணி. அப்போதுதான் அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். ஊறி, சாயங்காலம் அரைத்து, ராத்திரி புளித்து, விடிகாலை ஐந்துக்கு முதல் ஈடு இறங்கும். பௌர்ணமி இரவு முழுக்கக் கடை நடத்த வேண்டுமென்றால் அதற்கான மாவை முந்தின நாள் இரவே அரைத்தாக வேண்டும். அதாவது கூட்டம் வருவதற்கு ஏறக்குறைய முப்பது மணி நேரம் முன்னால் நான் தீர்மானிக்கிறேன். எத்தனை கிலோ? இந்த ஒரு கேள்விக்குத்தான் என் கணக்கெல்லாம். அந்த இரண்டு மணிக்குள் எனக்கு உதவாத எண்ணை நான் எழுதிவைப்பதில்லை.

முன்கூட்டியே கிடைப்பவை நிறைய இருக்கின்றன. கோயில் அறிவிக்கும் கிரிவல நேரம் முதலாவது. 2025 சித்ரா பௌர்ணமி, ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் இரவு முடிந்தது. விடுமுறை நாளின் இரவில் திதி பிறந்தால் கூட்டம் ஒரே நேரத்தில் கொட்டும். 2024-ல் செவ்வாய் விடியற்காலை தொடங்கிப் புதன் விடியற்காலை முடிந்தது. பகல் வெயிலில் நடக்க அஞ்சி ஆட்கள் முன்னும் பின்னும் பிரிந்து வந்தார்கள். அடுத்தது, பத்திரிகையில் வரும் சிறப்புப் பேருந்து அறிவிப்பு. கிளாம்பாக்கத்திலிருந்து எத்தனை பேருந்து விடுகிறார்கள் என்று இரண்டு நாள் முன்பே போடுகிறார்கள். அந்தத் துணுக்கை வெட்டி நோட்டில் ஒட்டுகிறேன். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூரோடு நின்ற ரயில் 2024 மே மாதம் எங்கள் ஊர் வரை நீண்டது. நள்ளிரவில் வந்து, விடியுமுன் கிளம்பிவிடும். அன்றிலிருந்து நோட்டில் 'ரயில்' என்று ஒரு கட்டம்.

பிறகு அன்னதானம். வெளியூர் வியாபாரிகள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. பெரிய பௌர்ணமிகளில் நிர்வாகம் அன்னதானத்துக்கு அனுமதித்த இடம் நம் கடைக்கு முன்னால் விழுந்தால், பொங்கலும் தயிர்ச் சாதமும் எதிரிலேயே சும்மா கிடைக்கும். நம் பொங்கல் தேங்கும். காபி மட்டும் இரட்டிப்பாகும், சாப்பிட்ட வாய்க்குக் காபி வேண்டுமே. நடப்பவர் எத்தனை கிலோமீட்டர் நடந்து நம்மிடம் வருகிறார் என்பதும் கணக்குதான். பாதை 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கிளம்பினால் எமலிங்கம் தொடக்கத்திலேயே வந்துவிடும், பசி வந்திருக்காது. தண்ணீர் பாட்டிலும் மோரும் கேட்பார்கள். என் நாத்தனார் கடை குபேரலிங்கம் பக்கம். அங்கே வருகிறவர்கள் கால் கடுத்து, வயிறு காய்ந்து வருகிறார்கள். அவள் கடைக் கணக்கைப் பார்த்து நான் மாவு அரைத்தால் மறுநாள் சாமியார்களுக்கெல்லாம் என் செலவில் இட்லி.

மாமனார் எட்டாவது வரைதான் படித்தவர். அவர் நோட்டில் இடப்பக்கம் தேதி இருக்காது. 'பௌ, ஞாயிறு, தூறல்' என்றிருக்கும். வலப்பக்கம் மூன்று கட்டம்: போட்டது, மிஞ்சினது, திரும்பினது. மூன்றாவதுதான் விசேஷம். இட்லி தீர்ந்துவிட்டது என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் சமையல்கட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு. ராத்திரி கடை சாத்தும்போது கோடுகளை எண்ணி நோட்டில் ஏற்றிவிட்டுச் சுவரைத் துடைப்பார். கல்யாணமான புதிதில், சுவரை ஏன் இப்படி அசிங்கம் செய்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகுதான் புரிந்தது. ஒரு வருடம் பூரா பௌர்ணமிக்குப் பதினோரு ஈடுதான் விற்றிருந்தது. மாதாமாதம் பதினொன்று. இன்றைய மெஷின் அதைப் பார்த்தால், தேவை நிலையாக இருக்கிறது, அப்படியே நடத்துங்கள் என்று சொல்லும். திரும்பினது கட்டத்திலோ அறுபது, எழுபது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. நிலையாக இருந்தது எங்கள் கொப்பரை. ஜனம் இல்லை. அவர் இரண்டாவது கொப்பரை வாங்கினார். பில் போட்ட பிறகுதான் மெஷினுக்கு உயிர் வருகிறது. பில் போடாமல் திரும்பிப் போனவரை அது பார்ப்பதே இல்லை. நான் வாங்கிய பில் மெஷினில் 'இல்லை' என்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். விற்காத பொருளுக்கு எப்படி அக்கா பில் போடுவது என்று சிரித்தார்கள். கடைசியில் பூஜ்யம் ரூபாய்க்கு ஒரு பொருளைப் புகுத்தி, அதற்கு 'தீர்ந்தது' என்று பெயர் வைத்தேன். சப்ளையர் பையன்கள் அதை அழுத்துகிறார்கள். சுவர் வெள்ளையாக இருக்கிறது.

அந்தப் பழைய நோட்டுகளை மகள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அப்போது வந்தது அடுத்த தலைவலி. 2018 முதல் விற்பனை மூன்றில் ஒன்றாகச் சரிந்திருப்பதாகக் காட்டியது. அந்த வருடம்தான் ஸ்டீம் பாக்ஸ் வாங்கினோம். பழைய கொப்பரையில் ஓர் ஈடு 32 இட்லி, பாக்ஸில் 96. நோட்டில் இரண்டுக்கும் 'ஈடு' என்றே பெயர். எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டீம் பாக்ஸ் பில் ரசீது பரணில் கிடைக்காமல் போயிருந்தால், வராத வீழ்ச்சிக்குக் காரணம் தேடி நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். இப்போது நோட்டின் முதல் பக்கத்தில், எந்தச் சொல்லுக்கு எந்த நாளிலிருந்து என்ன அர்த்தம் என்று எழுதி வைத்திருக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுக்காரர்களுக்கு இந்தப் புத்தி இருந்தது. ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று விட்டால், நாளுக்கு எவ்வளவு நெய், எந்த நாழியால் அளப்பது, எந்த இடையர் பொறுப்பு என்று கல்லில் வெட்டிவிடுவார்கள். ஆட்டுக்குப் பெயரே சாவா மூவாப் பேராடு. செத்தது போகக் குட்டி சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று பொருள். அவர்கள் கணக்கு ஆயிரம் வருடம் தாண்டி வாசிக்க முடிகிறது, எங்கள் கணக்கு ஏழு வருடத்தில் புரியாமல் போயிற்று.

இனி நான் செய்த தப்பு. மெஷின் வந்த புதிதில் மிச்சக் கணக்கைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இட்லி மாஸ்டரைக் கூப்பிட்டு, மிஞ்சினால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து மிச்சம் பூஜ்யம். ஒரு மாதம் பூஜ்யம். நான் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் விடிகாலை பின்பக்கம் போனால், மாஸ்டர் அண்டாவோடு எருமைக்காரருக்குக் காத்து நிற்கிறார். அவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதானம்மா பூஜ்யம் கேட்டீங்க" என்றார். நியாயம்தானே? அந்த ஒரு மாதக் கணக்கு முழுதும் பொய். அதை வைத்துப் போட்ட அடுத்த பௌர்ணமிக்கான மாவும் தப்பு. சம்பளப் பிடிப்பை எடுத்தேன். இப்போது நாளைக்கு எத்தனை கிலோ என்று மாஸ்டர் ஓர் எண் சொல்கிறார், நான் ஓர் எண் சொல்கிறேன். இரண்டையும் எழுதி, மறுநாள் யார் கிட்டே வந்தோம் என்று பார்க்கிறோம். மழை நாளில் அவர்தான் ஜெயிக்கிறார். எனக்கு ஒரு டீ செலவு.

ஜப்பானில் செவன்-லெவன் கடைகள் இதைத்தான் செய்தன என்று மகள் சொன்னாள். 1982-லேயே கடைகளுக்கு பில் மெஷின் கொண்டுவந்துவிட்டார்களாம். ஆனால் அந்த நிறுவனத்தை வளர்த்த தோஷிஃபூமி சுஸூகி, நாளைக்கு எதை எவ்வளவு வரவழைப்பது என்பதை மெஷினிடம் விடவில்லை. கடையில் பகுதிநேரம் வேலை பார்ப்பவர்கள்கூட, நாளை வெயிலா, பக்கத்தில் ஏதும் விழாவா என்று பார்த்து ஓர் ஊகம் வைக்க வேண்டும். ஊகம் பலித்ததா என்று சரிபார்க்கத்தான் மெஷின். இந்த ஊரில் பயிற்சி நடத்துபவர்கள் இதில் பாதியை, மெஷின் என்கிற பாதியை மட்டும், எங்களுக்கு விற்கிறார்கள்.

மெஷினில் கட்டமே இல்லாத சங்கதிகளும் உண்டு. சில வருடங்களாகக் கூட்டத்தில் ஆந்திர, தெலங்கானா மக்கள் பெருகிவிட்டார்கள். 2023 குரு பௌர்ணமிக்குத் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகமே ஹைதராபாத்திலிருந்து 'அருணாசலம்' என்று பெயர் போட்டுத் தனிப் பேருந்து விட்டது. எங்கள் பில்லில் அது தெரியவில்லை, இட்லி இட்லிதான். தெரிந்தது எங்கே என்றால், சாம்பார் மிஞ்சிக் கிடந்தது, இஞ்சிச் சட்னி கேட்டு ஆட்கள் வந்தார்கள், காரப்பொடி டப்பா ஒரே இரவில் தீர்ந்தது. சப்ளையர் பையனிடம் தெலுங்கில் கேட்ட மேசைக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். மூன்று பௌர்ணமியில் புள்ளிகள் போதும் என்றாகிவிட்டது. பொடியும் நெய்யும் அதிகமாக வாங்கினோம், பையன்களில் ஒருவன் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தான், பெயர்ப் பலகையில் தெலுங்கும் ஏறியது. இந்த மாற்றத்துக்கான செலவு ஒரு பென்சில்.

தீபத்தன்று மாலை 6 மணிக் கதையையும் சொல்ல வேண்டும். 2,668 அடி மலையின் உச்சியில் கொப்பரை எரியும் அந்த நேரம், கடையில் ஒரு தட்டு நகராது. எல்லோரும் சாலையில், கையைத் தலைக்கு மேல் கூப்பியபடி. மெஷின் அதை 'மந்த நேரம்' என்று குறித்து, ஆளைக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னது. அடுத்த அரை மணியில் கடை வாசலில் என்ன நடக்கும் என்று பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

எதைச் சராசரியில் சேர்ப்பது என்பதும் மனிதர் முடிவு. கொரோனாவில் ஏறக்குறைய இரண்டு வருடம் கிரிவலம் தடைப்பட்டது. அந்தக் காலத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த எண்ணும் உருப்படாது. எடுத்து ஓரம் வைத்தேன். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு விழுந்து ஒரே வீட்டில் ஏழு பேர் போனார்கள். அந்த வாரம் கடை இரண்டு நாள் சாத்தியிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்துத் தீபம் ஏற்றியபோது மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அந்த வாரப் பக்கத்தில் எண் எதுவும் எழுதவில்லை, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். மகள் அதை ஏற்றும்போது கட்டத்தைக் காலியாகவே விட்டாள். பூஜ்யம் போடவில்லை. சரியாகத்தான் செய்தாள்.

சேர்க்கக் கூடாதது பற்றி ஒரு வார்த்தை. ஒருநாள் அவசரத்துக்கு வெளியே வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதம் யாரோ ஒரு அம்மாளின் ஆதார் ஜெராக்ஸ். ஏதோ ஒரு லாட்ஜின் பழைய கட்டு, எடைக்குப் போயிருக்கிறது. இப்போது பல இடங்களில் ஜெராக்ஸுக்குப் பதில் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டுக்கொள்கிறார்கள். ரிசப்ஷன் பையன் வேலையை விட்டுப் போகும்போது ஆயிரம் பேர் ஆதார் அவன் பாக்கெட்டில் போகிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காவல் வைக்காமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆசிரமப் பக்கத்து விடுதிகள் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் ஏற்ற வேண்டும், அது சட்டம், அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் இட்லி தின்ன வந்தவரிடம் பில் போட போன் நம்பர் எதற்கு? என் மெஷினும் கேட்கும். நம்பர் இடத்தில் பத்து ஒன்பது அழுத்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நிர்வாகத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கிறார்கள், வாகன நிறுத்துமிடம் ஒதுக்குகிறார்கள், எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று மறுநாள் சொல்கிறார்கள். லட்சக் கணக்கை வைத்து நான் மாவு அரைக்க முடியாது. எந்தச் சாலையில், எந்த மணிக்கு, எவ்வளவு பேர் இறங்கினார்கள் என்று, ஆளின் பெயரோ வண்டி எண்ணோ இல்லாமல், ஒரு பட்டியலை வெளியிட்டால் போதும். செங்கம் சாலைக் கடைக்காரரும் அவலூர்ப்பேட்டை சாலைக் கடைக்காரரும் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். கொட்டும் சோறு குறையும். எண்ணும் வேலை எப்படியும் நடக்கிறது, காகிதத்தை வெளியே நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஓசூர்த் தம்பி அப்புறம் ஆஃபர் பேக்கேஜ் பேச்சை எடுக்கவில்லை. போன மாதம் திரும்ப வந்தான். "அக்கா, நீங்க சொன்னதுக்கு வழி பண்ணிட்டேன். தேதிக்குப் பதிலா திதி வச்சு ஒப்பிடலாம். 2026-ல தீபம் மறுபடி நவம்பருக்கு வருது பாருங்க, இப்பவே எச்சரிக்கை காட்டுது." உண்மையிலேயே காட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மாஸ்டரைக் கூப்பிட்டு அவனுக்கு ஒரு நெய் ரோஸ்ட் போடச் சொன்னேன். தின்றுகொண்டே தலையைச் சொறிந்தான்.

"ஒரே ஒரு சந்தேகம்க்கா. உள்ள போய்ப் பார்த்தா ரெண்டு பஞ்சாங்கம் இருக்கு, மணிக்கணக்குல இடிக்குது. வாக்கியம் போடவா, திருக்கணிதம் போடவா?"

"அது என் கையில இல்ல தம்பி. சாப்பிட்டுட்டு வா, கோயில்ல போய்க் கேட்போம்" என்றேன்.